ராலி எஞ்சினை வீட்டு ஷெட்டில் பிரித்து மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகர ஷெட் இருக்கிறது. என் ராலி கார் எஞ்சினை ஒவ்வொரு முறையும் அங்கேதான் இறக்கிப் பிரித்து மாட்டுகிறேன். சர்வீஸ் பார்க்கில் (ராலியில் வண்டிகளைப் பழுது பார்க்கும் இடத்தில்) சந்திக்கும் தம்பிகளும் போனில் கூப்பிடும் நண்பர்களும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். முதல் கேள்வியிலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

அண்ணா, வீட்டுல வெச்சு ராலி எஞ்சின் கட்ட முடியுமா? இல்ல பெரிய ரேஸ் டீம் ஷெட் வேணுமா?

முடியும். ஆனால் எல்லா வேலையும் வீட்டில் நடக்காது. பிரிப்பது, கழுவுவது, அளப்பது, மாட்டுவது இந்த நான்கும் வீட்டு வேலை. போர் போடுவது (சிலிண்டர் துளையை அகலமாக வெட்டுவது), கிராங்க் கிரைண்டிங் (கிராங்க் தண்டைத் தேய்த்துச் சீராக்குவது), வால்வு சீட் வெட்டுவது, ஹெட் பேஸிங் (ஹெட்டின் அடிமுகத்தைச் சமமாக்குவது) எல்லாம் மெஷின் ஷாப் வேலை. அவர்கள் செய்ததை நாம் அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். வீட்டில் கட்டுவதில் இருக்கும் பெரிய லாபமே இதுதான். அவசரப்படுத்த யாரும் இல்லை, ஓர் அளவில் சந்தேகம் வந்தால் நாளைக்கு மறுபடி அளக்கலாம்.

ராலி எஞ்சின் என்றால் பயங்கர பவர் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊர் ராலிகளில் ஓடும் பல வண்டிகளில் இருப்பது கடையில் கிடைக்கும் அதே சாலை எஞ்சின்தான். அது படும் பாடுதான் வேறு. செம்மண் புழுதி, மணிக்கணக்கில் முழு த்ராட்டில், கல் இடிக்கும் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தட்டு), சேறு அப்பிய ரேடியேட்டர். கடைசி ஸ்டேஜ் (நேரம் அளந்து ஓட்டும் பாதைப் பகுதி) வரை ஆயில் பிரஷர் இறங்காமல் ஓடும் எஞ்சின்தான் எனக்கு நல்ல எஞ்சின். அதைத்தான் கட்டப் பார்க்கிறேன்.

முதல் தடவை கட்டுறவன் எந்த எஞ்சினை எடுக்கலாம்?

என் பதில் எப்போதும் மாருதியின் ஜி13 தான். எஸ்டீம், ஜிப்ஸி கிங், வெர்சா மூன்றிலும் வந்த 1298 சிசி குடும்பம். போர் 74 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மிமீ, அலுமினிய பிளாக்கில் இரும்பு லைனர் (சிலிண்டர் உறை), ஒற்றை கேம், பெல்ட் டைமிங். எஸ்டீமும் ஜிப்ஸியும் இந்திய ராலியில் பல வருடம் முதுகெலும்பாக இருந்த வண்டிகள். ராணுவத்தில் ஜிப்ஸி ஏராளமாக ஓடியதால் பாகங்களும் கிடைக்கின்றன, இந்த எஞ்சினில் கை பழகிய மெக்கானிக்குகளும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

எட்டு வால்வு, பதினாறு வால்வு என்று இரண்டு ஹெட் உண்டு. கேஸ்கட், பிஸ்டன் வாங்கும்போது எது என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள். கீழே சொல்லும் முறை வேறு எஞ்சினுக்கும் பொருந்தும். அளவுகளை மட்டும் உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலிலிருந்து எடுங்கள்.

என்னென்ன டூல்ஸ் வாங்கணும்?

ஸ்பேனர், சாக்கெட் செட் ஏற்கெனவே வைத்திருப்பீர்கள். செயின் பிளாக்கும் எஞ்சின் ஸ்டாண்டும் வாடகைக்குக் கிடைக்கும். சொந்தமாக வாங்க வேண்டியவை நல்ல டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்), 0.01 மிமீ காட்டும் மைக்ரோமீட்டர், போர் கேஜ் (சிலிண்டர் துளையை அளக்க), பீலர் கேஜ் (இடைவெளியில் நுழைத்து அளக்கும் மெல்லிய தகடுகள்), காந்த ஸ்டாண்டோடு டயல் கேஜ், பிளாஸ்டிகேஜ். பணம் குறைவாக இருந்தால் பளபளக்கும் ஏர் இன்டேக்கைத் தள்ளிப் போட்டு இவற்றை முதலில் வாங்குங்கள்.

துடைக்கக் காட்டன் வேஸ்ட் வேண்டாம். அதிலிருந்து பிரியும் நூல் ஆயில் ஸ்ட்ரெய்னரில் (சம்பில் ஆயிலை உறிஞ்சும் வாயில் இருக்கும் வலையில்) போய் உட்காரும். நான் திருப்பூர் பனியன் துணி வெட்டுகளைக் கிலோ கணக்கில் வாங்கித் துவைத்து வைத்துக்கொள்கிறேன். இன்னொன்று, பாகங்களைப் பெட்ரோலில் கழுவாதீர்கள். ஷெட்டுக்குப் பக்கத்திலேயே அடுப்பும் சாமி விளக்கும் எரிகிற வீடு அது. டீசலோ மண்ணெண்ணெயோ போதும், அதையும் கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

எப்படியும் எல்லாத்தையும் மாத்தத்தான் போறோம். கழட்டும்போது எதுக்கு நிதானமா பார்க்கணும்?

பழைய பாகம்தான் எஞ்சினுக்கு என்ன ஆனது என்று சொல்லும். அதைப் படிக்காமல் புதுசு போட்டால் அதே நோய் புது பாகத்தையும் தின்னும்.

நான் கட்டிய இரண்டாவது எஞ்சின் மூன்று ராலியிலேயே ஆயில் குடிக்க ஆரம்பித்தது. பிரித்தபோது பேரிங் ஷெல்லின் (கிராங்க்கைத் தாங்கும் மெல்லிய வளைந்த தகட்டின்) சாம்பல் நிறப் பூச்சில் மெல்லிய கோடுகள், நடுவில் செம்பு தெரிந்தது. ரிங்குகளின் ஓரம் கத்தி போலக் கூர்மையாகியிருந்தது. பிஸ்டனைக் குறை சொல்லத் தோன்றியது. ஆனால் ஏர் பில்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். விரல் நுனி செம்மண் நிறத்தில் வந்தது, குங்குமம் தொட்டது போல. கிளாம்ப் சரியாக உட்காராமல் பில்டரைத் தாண்டிப் புழுதி உள்ளே போயிருக்கிறது. மண்ணில் இருக்கும் சிலிகா துகள் இரும்பை அறுக்கக்கூடிய கடினம் கொண்டது. புது ரிங் மட்டும் போட்டிருந்தால் அதுவும் மூன்று ராலியில் போயிருக்கும். அன்றிலிருந்து எந்த எஞ்சினைத் தொட்டாலும் முதலில் அந்தக் குழாயில்தான் விரல் விடுகிறேன்.

பிஸ்டன் தலையில் ஊசியால் குத்தியது போலப் புள்ளிகள் இருந்தால் நாக்கிங் (பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டுவது). ஷெல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) வளைந்திருக்கலாம். எல்லா ஷெல்லும் ஒரே மாதிரி பளபளவென்று துடைத்தது போல இருந்தால் ஆயில் போதவில்லை. மெயின் கேப்பும் ராடு கேப்பும் (பேரிங் மேல் போல்ட்டால் பூட்டும் மூடிகள்) எந்த எண், எந்தத் திசை என்று குறித்து, அந்தந்த ஜோடியாகவே கட்டி வையுங்கள். அவை சேர்த்துப் பூட்டிய நிலையில் வெட்டப்பட்டவை. மாறினால் வட்டம் வட்டமாக இருக்காது.

பிளாக்கை போர் போடக் கொடுக்கறேன். பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கலாமா?

கூடாது. பிஸ்டனை முதலில் வாங்கி, ஒவ்வொன்றையும் அளந்து, பிளாக்கோடு சேர்த்துக் கொடுங்கள். 0.50 ஓவர்சைஸ் (வழக்கத்தைவிட 0.50 மிமீ பெரியது) என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். போரை அந்தந்த பிஸ்டனுக்கு வெட்ட வேண்டும். எவ்வளவு கிளியரன்ஸ் (இடைவெளி) வேண்டும் என்று பிஸ்டனோடு வரும் தாளில் இருக்கும். அந்த எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள். "நல்லா டைட்டா போடுங்க" என்று வாயால் சொல்லி ஒரு முறை நான் வாங்கி வந்தது இரண்டாவது நாளில் சீஸ் ஆனது (பிஸ்டன் போரில் சிக்கி நின்றது). அளவு எழுதித் தராதது என் தவறு, அளக்காமல் மாட்டியது அதைவிடப் பெரிய தவறு.

0.50 போட்டால் போர் 74.5 மிமீ ஆகி, கொள்ளளவு 1298-லிருந்து சுமார் 1316 சிசி ஆகும். போட்டி வகுப்புகள் சிசி கணக்கில் பிரிக்கப்படுவதால் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

போர் போட்டு ஹோனிங் (கல்லால் போர் சுவரைத் தேய்ப்பது) முடிந்து வந்த பிளாக்கைக் கழுவுவதுதான் இந்த முழு வேலையிலும் நான் அதிக நேரம் செலவிடும் இடம். ஹோனிங் கல்லின் துகள் போர் சுவரின் குறுக்குக் கோடுகளுக்குள் ஒட்டியிருக்கும். டீசல் அதை வெளியே எடுக்காது. சுடு தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, நைலான் பிரஷ். தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டு போரைத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவுங்கள். எனக்கு வழக்கமாக நான்காவது முறைதான் துணி வெள்ளையாக வரும். காற்றில் ஊதிக் காயவைத்த உடனே ஆயில் பூச வேண்டும். காபி குடித்துவிட்டு வரலாம் என்று விட்டால் லைனரில் துரு படிந்துவிடும்.

கிராங்க்கின் ஆயில் துளைகளையும் இதே பொறுமையோடு நீளமான பிரஷ் விட்டுக் கழுவுங்கள்.

பேரிங் கிளியரன்ஸ் எவ்வளவு வைக்கணும்? கிராங்க்கை கையால சுத்திப் பார்த்தா தெரியாதா?

கையால் சுற்றினால் பிடிக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். அதிகத் தளர்வு தெரியவே தெரியாது. பழைய பட்டறைக் கணக்கு ஒன்று உண்டு. ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 45 மிமீ ஜர்னல் என்றால் 0.045 மிமீ. மேனுவல் சொல்லும் எல்லைக்குள் இதற்குப் பக்கத்தில் இருந்தால் ராலிக்கு நிம்மதி. மிகவும் இறுக்கினால் ஆயில் ஓட்டம் குறைந்து சூடு ஏறும், மிகவும் தளர்த்தினால் சூடான எஞ்சினில் பிரஷர் நிற்காது.

பிளாஸ்டிகேஜ் என்பது மெழுகு போன்ற மெல்லிய நூல். ஆயிலைத் துடைத்துவிட்டு ஜர்னல் மேல் ஒரு துண்டு வைத்து, கேப்பை முழு டார்க்கில் இறுக்கி, மறுபடி கழற்றுங்கள். நசுங்கிய அகலத்தை உறையில் அச்சிட்ட அளவோடு ஒப்பிட்டால் கிளியரன்ஸ் தெரியும். நடுவில் கிராங்க்கைத் துளி கூடச் சுற்றக் கூடாது. நசுங்கல் ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகியும் இருந்தால் ஜர்னல் கூம்பாகக் கிரைண்ட் ஆகியிருக்கிறது. திருப்பிக் கொடுங்கள்.

ரிங் கேப் செக் பண்ணாம டப்பாவுல வந்த மாதிரியே போட்டா என்ன?

ரிங் கேப் என்பது பிஸ்டனைச் சுற்றி நிற்கும் ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. ரிங் சூட்டில் விரியும். இடைவெளி போதாமல் இரண்டு முனையும் முட்டினால் ரிங் போரைக் கீறும், சில சமயம் பிஸ்டனின் ரிங் லேண்டையே (ரிங்குகளுக்கு நடுவில் இருக்கும் வரம்பையே) உடைக்கும். மேல் ரிங்குக்குப் பொதுக் கணக்கு போர் விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு. 74 மிமீ போருக்குச் சுமார் 0.30 மிமீ.

ரிங்கை அது ஓடப்போகும் போரிலேயே விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துக் கீழே தள்ளி நேராக்கிப் பீலர் கேஜால் அளக்கவும். குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால் ஒரே திசையில் தேய்க்கலாம். அளந்த ரிங்கை அந்தந்த சிலிண்டர் எண் எழுதிய கவரில் போட்டு வையுங்கள்.

ஹெட்டை நல்லா பேஸிங் பண்ணி கம்ப்ரஷன் ஏத்திடலாமா?

முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 324.7 சிசி. கம்ப்ரஷன் (உள்ளே வந்ததைப் பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது) 9.5 என்று வைத்துக்கொண்டால் பிஸ்டன் உச்சிக்குப் போனபின் மேலே மிஞ்சும் இடம் 38.2 சிசி. ஹெட்டில் 0.5 மிமீ எடுத்தால், ஹெட்டில் பெட்ரோல் எரியும் அறை போர் அளவுக்கு அகலமாக இருந்தாலும் குறைவது 2.15 சிசி தான். கம்ப்ரஷன் 10-க்குப் போகும். அறை குறுகலாக இருந்தால் அதுவும் இல்லை. இந்தச் சின்ன லாபத்துக்கு நாக்கிங், சூடு, கேஸ்கட் பிரச்சினை மூன்றையும் விலைக்கு வாங்குகிறீர்கள். நம் பங்க்குகளில் கிடைப்பது சாதாரணப் பெட்ரோல்தான். ஏப்ரல் வெயிலில் செகண்ட் கியரில் முழு லோடில் மேடு ஏறும்போது அந்தப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்று யோசியுங்கள். ஹெட் வளைந்திருந்தால் நேராகும் அளவுக்கு மட்டும் எடுங்கள்.

ஹெட் கீழே இறங்கினால் கேமுக்கும் கிராங்க்குக்கும் தூரம் குறைந்து கேம் டைமிங்கும் கொஞ்சம் பின்தங்கும். வால்வு பிஸ்டனுக்குப் பக்கத்தில் வரும். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் ஒட்டி, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை மாட்டி, டைமிங் வைத்து, கையால் இரண்டு சுற்று சுற்றிக் கழற்றிப் பாருங்கள். களிமண்ணை வெட்டி அளந்தால் இன்டேக் பக்கம் 2 மிமீ, எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மிமீ குறையாமல் இருக்க வேண்டும்.

போர்ட்டிங் பண்ணலாமா?

போர்ட்டிங் என்றால் ஹெட்டில் காற்று போய்வரும் வழிகளைத் தேய்த்து அகலப்படுத்துவது. முதலில் நீங்கள் ஓடும் வகுப்பின் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். இந்தியாவில் எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதிகள்தான். க்ரூப் என் மாதிரி, கம்பெனி எஞ்சினைப் பெரிதாக மாற்றாமல் ஓட்டும் வகுப்புகளில் தொடவே கூடாது, ஸ்க்ரூட்டினியில் (வண்டிச் சோதனையில்) பிடிபட்டால் முழு ராலியும் போகும். அனுமதி இருந்தாலும் முதல் எஞ்சினில் வேண்டாம்.

ரெவ் லிமிட்டரை எடுத்துட்டு 8000 வரைக்கும் போகலாமா? பசங்க போறாங்களே?

ரெவ் லிமிட்டர் என்பது எஞ்சினைக் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சுற்ற விடாத தடை. 75.5 மிமீ ஸ்ட்ரோக்கில் 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்றில்) பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15.1 மீட்டர். 7000-ல் 17.6. 8000-ல் 20-ஐத் தாண்டும். வேகம் ஏறுவது கொஞ்சம்தான் என்று தோன்றும். ஆனால் மேலே போன பிஸ்டனை நிறுத்தித் திருப்பி இழுக்கும் விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும். 6000-லிருந்து 7000 போனால் 36 சதவீதம் அதிகம், 8000 போனால் 78 சதவீதம் அதிகம். அந்த விசை முழுவதையும் தாங்குவது ராடு போல்ட். கம்பெனி ராடு, கம்பெனி போல்ட், கம்பெனி வால்வு ஸ்பிரிங் போட்டிருக்கிறீர்கள் என்றால் கம்பெனி லிமிட்டரும் இருக்கட்டும். ராடு போல்ட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

டார்க் ரென்ச்சுல மேனுவல் நம்பர் வெச்சு இறுக்கினேன். அப்பவும் ஹெட் கேஸ்கட் லீக். ஏன்?

டார்க் ரென்ச் அளப்பது திருகும் விசையை. நமக்கு வேண்டியது போல்ட் இழுத்துப் பிடிக்கும் விசை. போல்ட் மரையில் அழுக்கு இருந்தால் உரசலில் போகும் விசை இன்னும் கூடிவிடும். மரையையும் வாஷர் முகத்தையும் சுத்தம் செய்து, ஆயில் போடச் சொன்னால் போட்டு, உலர்வாகச் சொன்னால் உலர்வாக மாட்டுங்கள். துளையின் அடியில் ஆயிலோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால் போல்ட் அதன் மேல் முட்டி நிற்கும், அலுமினிய பிளாக் விரிசல் விடவும் கூடும். ஊதி வெளியேற்றுங்கள்.

நடுவிலிருந்து வெளியே, மூன்று தடவையாக, மேனுவல் வரிசையில். இதையெல்லாம் செய்தும் லீக் என்றால் பிளாக் முகத்தில் நேர்ப்பட்டை வைத்துப் பீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். ஹெட்டை மட்டும் பேஸிங் கொடுத்து பிளாக்கை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

முதல் ஸ்டார்ட் எப்படி? ஐடில்ல ஒரு மணி நேரம் விட்டு ரன்னிங்-இன் பண்ணலாமா?

ஐடிலில் விடாதீர்கள். ரிங் போரோடு உட்கார, மேலிருந்து வரும் வாயு அழுத்தம் ரிங்கை வெளியே தள்ள வேண்டும். ஐடிலில் அந்த அழுத்தம் இல்லை. போரின் குறுக்குக் கோடுகள் மழுங்கிவிடும், ரிங் கடைசி வரை உட்காராது.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இக்னிஷனையும் இன்ஜெக்டரையும் பிடுங்கிவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும் வரை ஸ்டார்ட்டரால் விட்டு விட்டுச் சுற்றுங்கள். அப்புறம் பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்து, 2000 ஆர்பிஎம்மைச் சுற்றி இருபது நிமிடம், கொஞ்சம் ஏற்றி இறக்கி. லீக், சத்தம், சூடு பார்த்துவிட்டு அணைத்து, ஆறவிட்டு, ஆயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். அப்புறம் சாலையில் மூன்றாம் கியரில் பாதிக்கு மேல் த்ராட்டில் கொடுத்து ஏற்றி, காலை எடுத்து எஞ்சின் பிரேக்கில் இறங்க விடுங்கள். பல தடவை. ஆரம்பத்தில் மினரல் ஆயில் போதும்.

எல்லாம் சரியா பண்ணினேன். ஆனா நீளமான கார்னர்ல மட்டும் ஆயில் லைட் மின்னுது. பம்ப்பா?

பம்ப்பைக் கழற்றும் முன் சம்பைப் பாருங்கள். நீளமான வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி ஸ்ட்ரெய்னர் காற்றை உறிஞ்சுகிறது. சம்பில் தடுப்புத் தகடு வைத்து, ஆயிலை டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டில் வைத்தால் பெரும்பாலும் தீரும். தகடு வைக்கலாமா என்பதையும் விதிப் புத்தகத்தில் பாருங்கள்.

இன்னொரு காரணம் கண்ணுக்கே தெரியாது. கல்லில் இடித்து சம்ப் கார்டு (சம்பைக் காக்கும் தகடு) மேலே வளைந்து, சம்பின் அடித்தளத்தை ஸ்ட்ரெய்னர் பக்கம் தள்ளியிருக்கும். நேரான சாலையில் பிரஷர் சரியாகக் காட்டும், அதிக ஆர்பிஎம்மில் ஆயில் நுழைய வழி இருக்காது. ஸ்ட்ரெய்னரில் களிமண் ஒட்டி, சம்பை மாட்டிக் கழற்றி இடைவெளியை அளந்து பாருங்கள். ஒரு விரல் தடிமனுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் சரி, காகித அளவுக்கு இருந்தால் சம்பைத் தட்டி எடுக்க வேண்டும். லைட் மின்னிய பின்னும் அந்த ஸ்டேஜை ஓட்டி முடித்திருந்தால் ஷெல்லைத் திறந்து பார்க்காமல் அடுத்த ராலிக்குப் போகாதீர்கள். என்ன தெரியும் என்பது கழற்றும் கேள்வியில் இருக்கிறது.

எத்தனை ராலிக்கு ஒரு தடவை எஞ்சினை இறக்கணும்?

எண்ணிக்கை வைத்து நான் இறக்குவதில்லை. ஒவ்வொரு ராலிக்குப் பின்னும் சூடாக இருக்கும்போது லீக் டவுன் டெஸ்ட் (பிளக் துளை வழியாகக் காற்றடித்து எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது) செய்து நோட்டில் எழுதுகிறேன். நான்கு சிலிண்டரும் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. இருபதைத் தாண்டினால் காற்று எங்கே போகிறது என்று காது வைத்துக் கேளுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் என்றால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

அப்புறம் பழைய ஆயில் பில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். தகரத்தை வெட்டித் திறந்து, மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்து, காந்தத்தை மேலே நகர்த்துங்கள். காந்தத்தில் ஒட்டுவது ரிங், கேம், லைனரின் இரும்பு. ஒட்டாமல் மினுங்கும் செம்பு நிறத் துகள் பேரிங்கினுடையது. அந்த நிறத்தைப் பார்த்த அன்று சாயங்காலமே நான் செயின் பிளாக்கை மாட்டிவிடுவேன்.